கண் தெரிந்தால் கனவு

கிரீமில் ரோஜாப்பூ போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அந்த பேக்கரியில் ஒரு காலத்தில் பேச்சு. அகலத் தலை வைத்த சின்ன ஆணி ஒன்றை இடது கை விரல்களில் உருட்டிக்கொண்டே வலது கையால் கிரீமைப் பிழிவாள். மூச்சு விடுவதற்குள் ஒரு பூ தயாராகிவிடும். அப்படி வந்த பட்டப்பெயர்தான் ரோசாக்கா. பார்வை போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது, பூப்போடுவதும் அன்றோடு நின்றது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு மாவு மேசையில் வேலை.

கண் தெரியாதவள் என்றதும் ‘அடடா, பாவம்’ என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். அவளுக்கும் அது ஆகாது, எனக்கும் ஆகாது. பிசைந்த மாவிலிருந்து ஒரு ரொட்டிக்கு நானூறு கிராம் கிள்ள வேண்டும். தராசு பக்கமே போகாமல் கிள்ளுவாள். ஓவன் பார்க்கிற பெரியவரை எல்லோரும் அடுப்பண்ணன் என்பார்கள். அவர் முதலில் நம்பாமல் ஒவ்வொரு உருண்டையாகத் தராசில் வைத்துப் பார்த்தார். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு, நானூற்று ஒன்று, நானூறு. “உன் கைக்குள்ள என்னம்மா, தராசு முள்ளை வச்சுத் தச்சிருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு, தராசைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டார்.

வீடு பேக்கரிக்கு மேலேயே, இரண்டாவது மாடியில். கணவர் அதே பேக்கரியின் வண்டியை ஓட்டுகிறவர். ஒரே மகள், ஒன்பது வயது, வீட்டில் அழைக்கிற பெயர் வாலு. பெயருக்கு ஏற்ற பிள்ளை. விடியற்காலை ஐந்துக்கு மேசைக்குப் போகிற ரோசாக்கா பன்னிரண்டுக்கு மேலே ஏறி வந்து, சாப்பிட்டு, ஒரு மணிக்குப் படுப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வாலு சாவியைத் திருகிக் கதவைத் திறக்கிற சத்தத்தில்தான் எழுந்திருப்பாள். வருஷக்கணக்காக இதே ஓட்டம், ஒரு குறையும் இல்லாத ஓட்டம்.

இதில் கல்லை எறிந்தவர் ஒரு டாக்டர். பார்வை போன பிறகும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் வலி உயிரை எடுக்கும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை காட்டிக்கொண்டு வருவாள். இந்தத் தடவை இருந்தது புதிதாக வந்த பெண் டாக்டர். சொட்டு மருந்து விட்டுக்கொண்டே பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

“கனவுல இன்னும் பார்வை இருக்குங்களா?”

“இருக்கும், டாக்டர்.”

“கடைசியா என்ன பாத்தீங்க?”

ரோசாக்கா யோசித்துப் பார்த்தாள். கனவில் யாரோ பேசியது ஞாபகம் இருந்தது, மாவு கையில் ஒட்டியது ஞாபகம் இருந்தது, ஏதோ ஓர் ஈரச் சுவர். பார்த்தது? எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை.

“பெரிய வயசுல பார்வை போனவங்கள்ல சில பேருக்குக் கனவுல கடைசிவரைக்கும் இருக்கும். சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு போயிடும். உங்களுக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியாது” என்றார் டாக்டர். நல்ல மனுஷிதான், உள்ளதைச் சொன்னார். ஆனால் ரோசாக்கா அந்தப் பதற்றத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

ஏன் என்று சொல்கிறேன். பார்வை போனது மகள் பிறப்பதற்கு முந்தின வருஷம். பெற்ற பிள்ளையின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. மூக்கு அப்பா ஜாடை, நெற்றி அத்தை ஜாடை, சிரிப்பு யார் ஜாடையோ என்று ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, அந்த முகம் ஊரார் சொன்ன துண்டுகளாகத்தான் அவளிடம் இருந்தது. வெளியே பார்க்க வழியில்லை, சரி, அதை எப்போதோ விழுங்கியாகிவிட்டது. ஆனால் உள்ளே ஓர் இடம் பாக்கி இருக்கிறது, என்றைக்காவது அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னை அறியாமலே நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த இடமும் கைவிட்டுப் போகப் போகிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. போவதற்குள் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

வண்டியில் திரும்பி வரும்போது அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சின்ன வயதில், எட்டிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வரைக்கும், கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் என்ன அட்டகாசம்! மொட்டை மாடியிலிருந்து குதித்து மிதப்பாள். கணக்கு வாத்தியாரை ஆடச் சொல்லுவாள், அவரும் ஆடுவார். பார்க்க விரும்பியவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள். எல்லோருக்கும் இப்படித்தான் என்று அப்போது நினைத்திருந்தாள். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், அலாரம். எப்போது விட்டுப்போனது என்று அவளுக்கே தெரியாது.

“என்னங்க, போன வித்தை திரும்பி வருமா?” என்று கணவரைக் கேட்டாள்.

“சைக்கிள் மறக்காதுன்னு சொல்றாங்க. இதைப் பத்தி யாரும் சொல்லலை” என்றார் அவர், ஹாரனை அடித்துக்கொண்டே.

அம்மா கனவில் தன் முகத்தைப் பார்க்கப் போகிறாள் என்று கேட்டதும் வாலு துள்ளினாள். போனில் தேடி, பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகத்தையும் பிடித்து வந்து, வாத்தியார் தோரணையில் வாசித்தாள். முழிப்பு வந்ததும் அசையக் கூடாது. புரண்டு படுத்தால்கூடக் கனவு கலைந்துவிடும். கடைசியில் என்ன நடந்தது என்று பிடித்து, அங்கிருந்து பின்னால் போக வேண்டும். துணுக்கு கிடைத்தாலும் சொல்லிவிட வேண்டும். அது முதல் பாடம். இரண்டாவது பாடம், பகலில் அடிக்கடி நின்று ‘இது கனவா?’ என்று சோதிக்க வேண்டும். பழகிவிட்டால் கனவுக்குள்ளும் அதே கை அதே சோதனையைச் செய்யும், அங்கே அது தப்பாகப் போகும், அப்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

“சோதனை ஒன்னு. எழுத்தைப் பாரு, திரும்பிக்கோ, மறுபடியும் பாரு. எழுத்து மாறியிருந்தா கனவு.” வாலு நிறுத்தினாள். “அம்மா, இதை எழுதினவருக்கு உன்னை மாதிரி ஒரு ஆளு படிப்பாங்கன்னு தோணவே இல்ல போல.”

“அடுத்ததைப் படிடி.”

“விரலை எண்ணணும். கனவுல ஆறு ஏழுன்னு வருமாம்.”

“அது நம்ம வேலை” என்றாள் ரோசாக்கா. கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து மதிய வேளையில் அந்த வீட்டில் ஒரு புதுச் சட்டம். வாலு கதவைத் திறந்து வந்தால் ‘அம்மா’ என்று கூப்பிடக் கூடாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை நடை நடந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக உட்கார வேண்டும். வாய் மூடியே பழக்கமில்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று நினைத்துப் பாருங்கள். ரோசாக்கா அசையாமல் கிடப்பாள். பிறகு, “ஒன்னுமில்லடி” என்பாள். நோட்டின் முதல் பதினோரு நாளும் அதே வரிதான்: ஒன்னுமில்ல. ஒன்னுமில்ல. ஏதோ சத்தம், மறந்துட்டாங்க. ஒன்னுமில்ல. மூக்கு அரிச்சுதாம், சொறிஞ்சுட்டாங்க, எல்லாம் போச்சு.

பன்னிரண்டாம் நாள் அசையாமல் கிடந்த ரோசாக்காவின் மூடிய கண்ணிலிருந்து காது வரைக்கும் கண்ணீர் ஓடியது. வாலு பயந்துவிட்டாள்.

“என்னம்மா?”

“பக்கெட்டு.”

“என்னது?”

“பச்சை பக்கெட்டுடி. பிளாஸ்டிக் பக்கெட்டு. குழாயடியில இருந்துச்சு. பச்சை! ஐயோ, என்ன பச்சைடி அது!”

ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்காக உலகத்தில் யாராவது அழுதிருக்கிறார்களா, நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பதினோரு வருஷமாகப் பச்சை என்பது அவளுக்கு வெறும் வார்த்தையாக இருந்தது. திடீரென்று அது ஒரு பொருளின் மேல், வெளிச்சம் பட்டு, பளபளவென்று இருந்தது. இத்தனை நாளும் கனவு வராமல் இல்லை. வந்ததை எல்லாம் அவள் எழுந்த வேகத்தில் உதறிப் போட்டிருக்கிறாள். எத்தனை ஆயிரம் மதியங்கள், எத்தனை நிறங்கள். அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள், மறு நிமிஷம் பச்சை ஞாபகம் வந்து சிரித்தாள். சாயங்காலம் கணவர் வந்ததும் அவருக்கும் பக்கெட்டின் கதை முழுவதும் சொல்லப்பட்டது, கைப்பிடி வெள்ளை என்பது உட்பட.

அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரிதான். நோட்டில் வரி பத்தியாகி, பத்தி பக்கமாகியது. ஒரு செங்கல் சுவர், ஒவ்வொரு செங்கலும் தனித்தனி நிறம். நனைந்த ரோட்டில் விளக்கு வெளிச்சம். யாரோ ஓர் ஆளின் சட்டைப் பொத்தான், அதில் நாலு ஓட்டை. ‘இத்தனையையும் உள்ளே யார் உட்கார்ந்து செய்கிறார்கள்?’ என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு கல்யாணக் கேக் முழுவதும் பூப்போட்டு முடிக்க அவளுக்கு அரை நாள் ஆகும். இங்கே தூங்கின பத்தே நிமிஷத்தில் தெரு, மழை, ஆட்கள், அவர்கள் சட்டையில் பொத்தான், பொத்தானில் ஓட்டை. செய்கிறவள் அவளேதான் என்கிறது புத்தகம். அப்படியானால் தனக்குள்ளே தனக்கே தெரியாமல் எவ்வளவு பெரிய வேலைக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று மேசையடியில் நின்று அவள் வாயடைத்துப் போவாள். அடுப்பண்ணன், “ரோசா, மாவு காயுது” என்று அதட்டிய பிறகுதான் கை ஓடும்.

ஆனால் முக்கியமான காரியம் நடக்கவில்லை. கனவு நினைவில் நிற்கிறது, கனவுக்குள் ‘இது கனவு’ என்ற புத்தி மட்டும் வரவில்லை. புத்தி இல்லாமல் யாரைக் கூப்பிடுவது? கனவில் வாலு வந்த மாதிரிகூட இருக்கும், குரல் கேட்கும், இவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது உதவாத வேலையைச் செய்துகொண்டிருப்பாள். பகலில் மணிக்கு நாலு தடவை விரலை எண்ணினாள். உருண்டை கிள்ளுகிற இடைவெளியில் எண்ணினாள், மாடிப்படியில் எண்ணினாள். இரண்டு மாசம் ஓடிப்போனது.

ஒரு நாள் முழிப்பு வந்ததும் அவள் வழக்கம் போல அசையாமல் கிடந்து, கடைசியிலிருந்து பின்னால் போய், முழுவதையும் பிடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

“பேக்கரியில நிக்கிறேன். பழைய இடம், பூப்போடுற மேசை. நீலக் கிரீமு. கேக்கு மேல யாரோ பேரு எழுதணும், பேரு நாலு எழுத்து, ஆனா எழுத எழுத நீண்டுக்கிட்டே போகுது. கடிகாரத்தைப் பாத்தேன், பத்தேகால். லேட்டாச்சேன்னு பதற்றம். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, சோதிக்கணும்னு. உடனே விரலை எண்ணினேன்டி! கனவுக்குள்ள எண்ணினேன்!”

“எத்தனை?”

“அஞ்சுதான். சரி, இது கனவு இல்லைன்னுட்டு மறுபடியும் எழுத ஆரம்பிச்சுட்டேன்.”

பென்சில் நின்றது.

“அம்மா.”

“ம்?”

“கடிகாரத்தை என்ன பண்ணின?”

“பாத்தேன். பத்தேகால்.”

“என்ன பண்ணின?”

“பாத்தேன்னு சொல்றேன்ல, காது கேக்கலையா…” அங்கேயே ரோசாக்காவின் வாய் நின்றுவிட்டது. பிறகு கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வாலு தரையில் விழுந்து உருண்டாள். சிரிப்பு அடங்கி, மறுபடியும் ஒருத்தி ‘பத்தேகால்’ என்று சொல்ல, மறுபடியும் தொடங்கியது.

பாருங்கள் கூத்தை! கண் தெரிகிறது, அதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்? நீலக் கிரீமையும் கடிகார முள்ளையும் கண்ணாரப் பார்த்துக்கொண்டே, கையைத் தடவி எண்ணிவிட்டு, ‘கனவில்லை’ என்று முடிவு கட்டியிருக்கிறாள். பார்வை உள்ளவன் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவனும் செய்ய முடியாது. முப்பத்தொரு வருஷம் பார்த்துப் பழகியவளுக்குத்தான் பார்ப்பது அவ்வளவு சாதாரணமாக இருக்கிறது, அது திரும்பி வந்து எதிரே நின்றாலும் யாரென்று தெரிவதில்லை.

“இனிமே விரலும் வேணாம், ஒன்னும் வேணாம்” என்றாள் வாலு. “நீ ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும். தெரியுதா?”

“தெரிஞ்சா கனவு” என்றாள் ரோசாக்கா.

சொல்வது சுலபம். விரல் எண்ணுவதில் வலி இல்லை; இந்தக் கேள்வியில் இருந்தது. மேசையில் நின்று ‘தெரியுதா?’ என்று தன்னையே கேட்க வேண்டும், உண்மையாகவே முயன்று பார்க்க வேண்டும், ‘இல்லை’ என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. பார்வை போன முதல் வருஷம் காலையில் கண் விழித்ததும் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் செத்தவள் அவள். கேட்காமல் இருக்கப் பழகித்தான் பிழைத்தாள். இப்போது அதே கேள்வி, அதே இல்லை, படிக்கு ஒரு இல்லை, உருண்டைக்கு ஒரு இல்லை. மூன்றாம் நாளே முகம் வாடிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஆறின புண்ணை எதுக்குக் கிளறுற? நீ நல்லாத்தானே இருந்த?”

“நல்லாத்தான் இருந்தேன்.”

“அப்புறம் என்ன? கனவுல வர்றது நெசமா அவ முகமா? உன் மனசு எதையாவது ஒட்ட வச்சுக் காட்டும். அதுக்காடி இந்தப் பாடு?”

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. வேறு யார் முகமாவது வந்து ‘நான்தான் உன் மகள்’ என்று நின்றால் என்ன செய்வது? ஆனாலும் சொன்னாள்: “ஒட்ட வச்சதோ கிழிச்சதோ, பாத்தாத்தானேங்க தெரியும். ஒரு தடவை. அதுக்கப்புறம் நீங்க சொன்னபடி கேக்கிறேன்.” அவர் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினார், கோபம் வந்தால் அவர் செய்கிற வேலை அது.

வலித்ததும் நல்லதற்குத்தான் ஆனது. வலிக்கிற கேள்வி உறக்கத்திலும் விடாது. பதினைந்தாவது நாளோ பதினாறாவது நாளோ, ஒரு தெருவில் நடந்துகொண்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் மாடி வீடுகள், ஒரு ஜன்னலில் துணி காய்கிறது. பழக்கத்தில் கேட்டாள், ‘தெரியுதா?’ வழக்கமான இல்லை வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்தது அப்படியே நின்றது.

தெரிகிறது.

துணி சிவப்பு. வானம் வெளுத்த நீலம். தன் கை, தன்னுடைய கை, விரல் முட்டியில் மாவு ஒட்டினபடி, எதிரே நீட்டினால் தெரிகிறது. சின்ன வயதில் இதே இடத்தில் நின்றவள் பறந்தாள், வாத்தியாரை ஆட வைத்தாள். இப்போது நாற்பத்திரண்டு வயதில் அவளுக்குப் பறக்கத் தோன்றவில்லை. அந்தத் தெருவைப் பார்த்துக் கைகூப்பத்தான் தோன்றியது. மனசு தாளாமல் ‘ஆ’ என்று கத்தினாள், கத்தினதில் முழிப்பு வந்துவிட்டது. கட்டில், இருட்டு, பக்கத்தில் வாலுவின் பென்சில் வாசனை. “புடிச்சுட்டேன்டி” என்றாள்.

கத்தக் கூடாது, ஓடக் கூடாது, கனவு கரைகிற மாதிரி இருந்தால் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று புத்தகம் சொன்னது. தேய்ப்பது அவள் தொழிலாயிற்றே, அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் அதே தெரு. தெரியுதா? தெரியுது. கையைத் தேய்த்தாள், சூடு ஏறியது, தெரு கெட்டியானது. ஒரு கதவு இருந்தது. அதன் கைப்பிடியில் கையை வைத்து, ‘இதுக்குப் பின்னால என் பொண்ணு இருக்கா’ என்று சொல்லிக்கொண்டு திறந்தாள்.

இருந்தாள். பள்ளிப் பையோடு, முதுகைக் காட்டியபடி.

“வாலு” என்றாள் மெதுவாக. பிள்ளை திரும்பியது.

யாருடைய முகமும் இல்லை. கணவருடையது இல்லை, நாத்தனாருடையது இல்லை, கண்ணாடியில் எப்போதோ பார்த்த தன் முகமும் இல்லை. இடது புருவத்தின் மேல் அரிசி அளவு தழும்பு, இரண்டு வயதில் மேசை முனையில் இடித்துக்கொண்டது. மேல் மடல் கொஞ்சம் மடங்கின காது. மோவாயில் விரல் வைத்தால் உட்காருகிற ஒரு குழி. ஒவ்வொன்றையும் ரோசாக்காவுக்குத் தெரியும், ஒன்பது வருஷமாகத் தலை வாரும்போதும் காய்ச்சலில் தடவும்போதும் விரல் போன வழி அது. உள்ளே இருக்கிற அந்த வேலைக்காரி ஊரார் சொன்ன ஜாடைகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, விரல் சொன்னதை மட்டும் வைத்து, கிராம் பிசகாமல் செய்திருக்கிறாள். ரோசாக்கா அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் கவனித்தாள். பிள்ளையின் கண்கள் மூடியிருந்தன.

தூங்குகிற முகமும் இல்லை, நிற்கிறது, சிரிக்கப் போகிற மாதிரி உதடு. கண் மட்டும் இறுக மூடியிருக்கிறது. “கண்ணைத் தொறடி தங்கம்” என்றாள். திறக்கவில்லை. “தொறம்மா, ஒரு தடவை.” கெஞ்சினாள். கையை இன்னும் வேகமாகத் தேய்த்தாள். தழும்பு தெரிந்தது, காது தெரிந்தது, ஒவ்வொரு இமை முடியும் தெரிந்தது, கண் திறக்கவில்லை. அப்படியே எல்லாம் வெளுத்துக் கரைந்தது.

“வந்தேனா?” என்றாள் வாலு. அவளுக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. “நான் வந்தேன்ல? எப்படி இருந்தேன்?”

ரோசாக்கா எல்லாவற்றையும் சொன்னாள், தழும்பு, காது, மோவாய். வாலு ஒவ்வொன்றையும் கண்ணாடியில் சரிபார்த்து ‘ஆமா’, ‘ஆமா’ என்றாள்.

“கண்ணு?”

பொய் சொல்லலாம் என்று நினைத்தாள், வாய் வரவில்லை. “மூடியிருந்துச்சுடி. எவ்வளவு கூப்பிட்டும் தொறக்கலை” என்றாள். ஒன்பது வருஷம் ஆசைப்பட்டு, இரண்டு மூன்று மாசம் உயிரைக் கொடுத்து, கடைசியில் பிள்ளை கண்ணைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டதே என்ற ஆற்றாமை.

வாலு நோட்டை மூடி வைத்தாள்.

“நீ முகத்தைத் தொடும்போது எல்லாம் நான் கண்ணை மூடிக்குவேன்மா” என்றாள். “கண்ணுல விரல் பட்டுருமோன்னு. எப்பவுமே மூடிக்குவேன். என் கண்ணு தொறந்திருந்து உன் விரலு பாத்ததே இல்ல.”

பிறகு வாலு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டாள், நகத்தைப் பார்த்தாள், ஒரு நகத்தை வெட்டினாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வந்தால் வீட்டைச் சுற்றி ஓடுகிற பிள்ளை அது. வந்து எதிரே உட்கார்ந்தது.

“தொடு.”

விரல் கிட்டே போனதும் இமை மூடிக்கொண்டது. மறுபடியும். மறுபடியும் மூடிக்கொண்டது. “நான் மூடலைம்மா, அதுவா மூடுது” என்று வாலுவுக்கே அழுகை வந்தது. “வேணாம் விடுடி” என்றால் கேட்கவில்லை. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, தன் ஒரு கையால் தன் இமையை மேலே பிடித்துக்கொண்டு, மறு கையால் அம்மாவின் விரலைத் தானே கொண்டுபோய் வைத்துக்கொண்டது. இமை முடிகள் மேல் நோக்கி நின்றன. ஓரத்தில் ஈரம். இமை சுருண்டு புருவத்துக்குக் கீழே ஒரு மெல்லிய மடிப்பாகப் போய் ஒளிந்திருந்தது. கீழ் இமையில் வைத்த விரலுக்கு அடியில் உருண்டையாக ஏதோ நகர்ந்தது.

“இப்ப நான் ஜன்னலைப் பாக்கிறேன்” என்றாள் வாலு. உருண்டை ஒரு பக்கம் போனது. “இப்ப கதவை.” மறு பக்கம் போனது. “இப்ப உன்னைப் பாக்கிறேன்மா.” உருண்டை நடுவுக்கு வந்து நின்றது.

ரோசாக்கா தன்னைப் பார்க்கிற ஒரு பார்வையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கலருடி?” என்று கேட்டாள் வெகு நேரம் கழித்து.

“பிரவுன்.”

“பிரவுன்னா எந்தப் பிரவுனு? பிரவுன்ல ஐம்பது இருக்கு.”

அதற்குப் பதில் கீழே பேக்கரியில் கிடைத்தது. வேலை முடிந்து கழுவி வைத்த மேசையில் ரோசாக்கா ஒரு கிண்ணத்தில் வெண்ணெயை அடித்தாள், கோக்கோவை ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டாள். அடுப்பண்ணனை இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாலுவின் கண்ணையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “பத்தாது, இன்னும் கறுப்பு… இன்னும் ஒன்னு… ரோசா, அவ கண்ணுல கொஞ்சம் செம்மை தட்டுது, இதுல இல்ல.” ஏழு ஸ்பூன், ஒரு சொட்டுச் சிவப்பு. “இதான். அச்சு அசல் இதான்” என்றார். ஒரு கிண்ணம் வெண்ணெய்க்கு ஏழு ஸ்பூன் கோக்கோவும் ஒரு சொட்டுச் சிவப்பும் என்ன நிறம் என்று ரோசாக்காவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே நிறத்தில் எத்தனையோ கேக்குக்கு ஓரம் கட்டியிருக்கிறாள். தலையை ஆட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். வண்டியிலிருந்து இறங்கி வந்த கணவர் வாசலிலேயே நின்று இதைப் பார்த்தார். அன்றைக்கு அவர் புண்ணைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அதன் பிறகு பத்தொன்பது நாள் ஒன்றும் இல்லை. தெரு வந்தது, கதவு வரவில்லை. கதவு வந்தது, புத்தி வரவில்லை. ஒரு தடவை வெறும் குரலும் ஈரச் சுவருமாகக் கனவு முடிந்தது. பார்வை போய்விட்டதோ என்று அன்று முழுவதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பது தடவை கேட்கிற இடத்தில் அறுபது தடவை கேட்டாள்.

இருபதாம் நாள் மதியம், மாடிப்படி. சுவரில் வெயில் சாய்ந்து கிடக்கிறது. தெரியுதா? தெரியுது. அவள் கத்தவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள், அவசரப்பட்டால் கரைந்துவிடும் என்ற பயம். வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தரையில் வாலு குப்புறப் படுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், முகம் நோட்டுக்குள் இருந்தது, வகிடு மட்டும் தெரிந்தது, காலையில் மாவு மேசைக்கே வந்து நின்ற பிள்ளைக்கு ரோசாக்கா எடுத்த வகிடு, கொஞ்சம் கோணல்.

இந்த முறை அவள் கூப்பிடவில்லை. திறடி என்று கெஞ்சவில்லை. எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையைத் தேய்த்தபடி, நோட்டில் பென்சில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பென்சில் நின்றது. வாலு தலையைத் தூக்கினாள்.

ஏழு ஸ்பூன், ஒரு சொட்டுச் சிவப்பு. அகலமாகத் திறந்த இரண்டு கண்கள். ஓரத்தில் ஈரம், மேல் நோக்கின இமை முடி. அவை ஜன்னலைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை.

“என்னம்மா,” என்றாள் வாலு, கொஞ்சம் கூச்சத்தோடு, “எதுக்கு என்னையே அப்படிப் பாத்துக்கிட்டு இருக்க?”